மறுமொழி: நவ்காஸ்டிங் – 'இற்றைக்கணிப்பு' சரிவருமா?

> வானிலையில் 'உடனடி முன்னறிவிப்பு' என்கிறார்கள். நோய்க் கண்காணிப்புக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வணக்கம் ஐயா. 'நவ்காஸ்டிங்' (nowcasting) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம்; 'உடனடி முன்னறிவிப்பு' என்பதில்தான் எனக்கு இடிக்கிறது. 'அடுத்த 3 மணி நேரத்தில் மழை' என்று வானிலை மையம் சொல்வது வரப்போவதை. நோய்ப்பரவலியலில் அதே ஆங்கிலச் சொல்லுக்கு வேலை வேறு: நடந்துவிட்டதை, ஆனால் இன்னும் கணக்கில் ஏறாததை மதிப்பிடுவது.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று காய்ச்சல் கண்டவர் புதனன்று மருத்துவரிடம் போவார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்து பதிவாவதற்குள் அடுத்த ஞாயிறே வந்துவிடக்கூடும். இந்தியாவில் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் எஸ், பி, எல் என மூன்று படிவங்கள்: களப்பணியாளர் அறிகுறி பார்த்து எழுதுவது, மருத்துவர் ஐயுறுவது, ஆய்வகம் உறுதிசெய்வது. மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. அதனால் நாள்வாரி நோயாளி எண்ணிக்கை வரைபடத்தின் கடைசிச் சில நாள்கள் சரிந்தே தெரியும். நோய் தணிந்தது என்று மகிழ்ந்தால் ஏமாந்தோம். முந்தைய தாமதங்களின் கணக்கைக் கொண்டு அந்த வாலை நிமிர்த்துவதுதான் நவ்காஸ்டிங். (நாய்வால் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

2008இல் வந்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸும் இந்த வகைதான். மக்கள் தேடும் சொற்களை வைத்து, அந்த வாரம் ஃப்ளூ எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்ல முயன்றது. 2012-13 பருவத்தில் மிகையாகச் சொல்லிப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. அதை 'முன்கணிப்பு பொய்த்தது' என்று எழுதினால் தவறு; 'முன்' என்ற பேச்சே அங்கில்லை.

> 'நிகழ்கணிப்பு' எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் நிகழ்காலம் போல வினைத்தொகையாகப் படித்தால் 'நிகழ்கின்ற கணிப்பு' என்றாகிவிடும். நிகழ்வது நோய், கணிப்பு அல்லவே! என் பரிந்துரை 'இற்றைக்கணிப்பு'. 'இற்றைப்படுத்தல்' (update) கணினித் தமிழில் ஊன்றிவிட்டதால் 'இற்றை' நமக்கு அந்நியமில்லை. கணிப்பு என்றாலே சோதிடம் என்று போன மடலில் ஒருவர் சொன்னார். கருத்துக்கணிப்பு இன்றைய மனநிலையைத்தானே அளக்கிறது?

ஒரு குறையை நானே ஒப்புக்கொள்கிறேன். வினையாக்கினால் 'இற்றைக்கணித்தார்கள்' நாக்கில் ஒட்டவில்லை. யாரேனும் வழி சொல்லுங்கள். 'கண்காணிப்பு' என்ற சொல்லில் போலீஸ் வாடை அடிக்கிறது என்பவர்களுக்குத் தனி இழையில் எழுதுகிறேன்.