பித்தளைக் கூட்டில் பளிச்சென்று ஒரு வளையம்: எங்கே தவறு செய்கிறேன்?
வணக்கம். இலக்குச் சுடுதலுக்காக .308 வின்செஸ்டர் தோட்டாக்களை உரிமத்தோடு வீட்டிலேயே ரீலோட் செய்கிறேன் (சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புவது). மாதம் 100 தோட்டா போதும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படியையும் நிதானமாகப் பார்த்துச் செய்யலாம். பல அச்சுகளைச் சுழல் தலையில் மாட்டி வைக்கும் டரட் பிரஸுக்கு மாறுவதில் பயன் உண்டா?

பெரிய கவலை பித்தளைக் கூடுகள்தான். ரீசைஸ் செய்ததும் (சுட்டதில் விரிந்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது) சில கூடுகளின் நீளம் 2.015 அங்குல உச்ச வரம்பைத் தாண்டுகிறது. எல்லாவற்றையும் 2.005-க்கு ட்ரிம் செய்து (நீளத்தை வெட்டிக் குறைத்து), வாயில் உள்ளும் வெளியும் பிசிறு எடுக்கிறேன். அது சரி. ஆனால் நான்கு முறை சுட்ட கூடுகளில் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிகிறது. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டால் ஒன்றிரண்டில் சுவர் மெலிந்து பள்ளம் தட்டுப்பட்டது; அவற்றை நசுக்கிப் போட்டுவிட்டேன். ரீசைஸ் செய்யும் டை (அச்சு), கூட்டின் தோள்பட்டையை (கழுத்துக்குக் கீழே சரிவான பகுதி) அளவுக்கு மீறிப் பின்தள்ளுகிறதோ? அதை அளக்க எந்த வகைக் கேஜ் வாங்கலாம்? அப்புறம், கழுத்தை எத்தனை சுடுதலுக்கு ஒருமுறை அனீல் செய்கிறீர்கள் (சூடாக்கி மென்மையாக்குவது)?