பதில்: 'கியூ' பொத்தானுக்குத் தமிழ்ச்சொல்

> 'குறிப்பு' என்று வைத்தால் போதாதா? நாடகத்தில் நடிகருக்குக் கொடுப்பதும் அதுதானே.

போதாது அண்ணை. டிஜே மேசையில் 'கியூ' என்று எழுதிய பொத்தான் இரண்டு கருவியில் இருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு வேலை.

பாட்டை ஓடவிடும் பிளேயரில் இருப்பது இடம் பிடிக்கும் பொத்தான். பாட்டை நிறுத்தி, முதல் அடி விழும் இடத்துக்கு நகர்த்தி அழுத்தினால் அந்த இடம் பதிவாகும். பாட்டு ஓடும்போது அழுத்தினால் அங்கேயே திரும்பிவந்து நிற்கும்.

பாட்டுகளைக் கலக்கும் மிக்ஸரில் சனலுக்கு, அதாவது ஒரு பாட்டு வரும் வழிக்கு, ஒரு கியூ. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் அடியில் கிடந்தாலும் அந்தச் சனலின் பாட்டு ஹெட்போனுக்கு வரும், மண்டபத்துக்குப் போகாது. வெள்ளவத்தைக் கலியாண வரவேற்புகளில் டிஜே பொடியன் ஹெட்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நிற்பானே, அது இதற்குத்தான். சனம் பைலாவுக்கு ஆடிக்கொண்டிருக்க, அடுத்த பாட்டின் வேகத்தை அவன் பொருத்திப் பார்க்கிறான்.

ஆகவே பிளேயருக்கு 'தொடக்கக்குறி', மிக்ஸருக்கு 'முன்கேட்பு' என்பேன். ஃபேடருக்கு முன்பும் கேட்கிறான், சபைக்கு முன்பும் கேட்கிறான்.

> கியூ என்றே விட்டுவிடலாமே.

கொழும்பிலா? 2022இல் பெற்றோலுக்கு நின்ற சனத்திடம் கியூ என்றால் வரிசைதான். டிஜே மென்பொருளில் அடுத்தடுத்த பாட்டுகளின் வரிசையும் இருப்பதால் குழப்பம் மூன்றாகும்.

நம் கலைச்சொல் பட்டியலில் பூத் மொனிட்டருக்கு, அதாவது டிஜே தான் கேட்க வைக்கும் பெட்டிக்கு, உள்ள 'கண்காணிப்பு ஒலிபெருக்கி'யையும் எடுத்துவிடுங்கள், பொலிஸ் வாடை அடிக்கிறது. அது யாரையும் கண்காணிப்பதில்லை. மண்டபத்துப் பெரிய பெட்டிகள் 15 மீற்றர் தள்ளியிருந்தால் ஒலி வந்துசேர ஏறத்தாழ 43 மில்லிசெக்கன் ஆகும். நிமிடத்துக்கு 128 அடி போகும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே 469 மில்லிசெக்கன்தான். ஹெட்போனில் கேட்பது உடனே வருகிறது, மண்டபத்தில் கேட்பது பிந்தி வருகிறது. இரண்டையும் வைத்துப் பொருத்தினால் தாளம் உதைக்கும். அதனால்தான் டிஜேக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டி, அதற்கு மிக்ஸரில் தனி வொலியூம். 'தன்கேட்பு ஒலிபெருக்கி' என்றால் மேடையில் பாடகர் காலடியில் கிடக்கும் பெட்டிக்கும் பொருந்தும்.

---

தம்பி, முன்கேட்பு, தன்கேட்பு இரண்டுக்கும் சரி. தொடக்கக்குறிக்கு மறுப்பு. குறியைப் பாட்டின் நடுவிலும் வைக்கலாமே, பல்லவி திரும்பும் இடத்தில் வைப்பவர்கள் எத்தனை பேர்! சிடிஜே-3000 பிளேயரில், குறித்த இடத்துக்கு நேரே போகும் ஹொட் கியூ மட்டும் எட்டு. எட்டும் தொடக்கமா? திரும்பிவரும் இடம் என்பதால் 'மீள்குறி' என்று வையுங்கள்.

---

மீள்குறி நல்லது, ஏற்கிறேன். ஆனால் ஹொட் கியூ நிற்காது அண்ணை, அழுத்தியதும் அந்த இடத்திலிருந்து பாட்டு ஓடத் தொடங்கிவிடும். அதற்கு 'பாய்குறி' என்று எழுதியிருக்கிறேன். 'சூட்டுக்குறி' என்று மட்டும் யாரும் கொண்டுவராதீர்கள், மாட்டுக்குப் போடுவது அது.