அம்மா கதைக்கத் தொடங்கியிருக்கிறா, உங்கட உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை ஒரு போர்க்கால நினைவுக்குறிப்புப் புத்தகத்தை அம்மாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டினன், அதில ஜாம் போத்தல் விளக்கில படிச்சதெண்டு ஒரு வரி வந்தது, அவ்வளவுதான், மனுசி என்னை நிப்பாட்டிப்போட்டு போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சு துளி மண்ணெண்ணெய் விட்டு எரிச்சது, சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்டது, 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் இடம்பெயரேக்க மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தில அடி அடியா நகர்ந்ததெண்டு விடிய விடிய கதைச்சவா. இத்தனை வருசம் ஒரு சொல்லும் சொல்லாத ஆள்! கவிதைத் தொகுப்பு குடுத்தா மட்டும் ரெண்டு பக்கத்தில மூடி வைச்சிட்டுப் பேசாம இருக்கிறா, ஏனெண்டு விளங்கேல்ல.. கவிதை இன்னும் ஆழமாக் குத்துது போல.

உங்கட வீட்டிலயும் இப்பிடி நடந்ததா? அவா சொல்லுறதை ரெக்கோர்ட் பண்ணலாமா, இல்லாட்டி போனைக் கண்டவுடன வாயை மூடிடுவாவா? அந்த இடம்பெயர்வைப் பற்றி பெண்கள் எழுதின புத்தகம் இருந்தா சொல்லுங்கோ, சண்டை விவரம் குறைவா, வீடு வளவு அடுப்படிக் கதை கனக்க இருக்கிறதா. ரெண்டு நாளா நித்திரையில்லாமத் திரியுறா, அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு, தொடர்ந்து வாசிச்சுக் காட்டவோ விடவோ?