"செல்லடிக்குள்ள வேலை செய்தனாங்கள், இதெல்லாம் ஒரு வேலையா?" – வன்னித் தாதியர் அனுபவப் பகிர்வு

முதற்பதிவு – உள்வீதித் தாதி

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் படித்து முடித்ததும் முதல் நியமனம் வன்னிக்குக் கிடைத்தது. வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். ஏ-9 வீதியிலிருந்து உள்ளே திரும்பி, வயலும் காடும் மாறி மாறி வரும் பாதையில் போக வேண்டிய இடம். சந்தோஷமாகத்தான் வந்தேன். இந்தச் சனத்தை எனக்குப் பிடிக்கும். கிளினிக்குக்கு வரும்போது ஒரு பை கச்சானைக் கொண்டுவந்து, "மிஸ், தோட்டத்துக் கச்சான்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே நான் எழுதப்போவது நோயாளிகள் மேல் முறைப்பாடு அல்ல.

இங்கே இரவு வேலை எப்படிப் போகும் என்பதற்கு ஓர் இரவைச் சொல்கிறேன். மாசி மாதம், பெரும்போக நெல் வெட்டு நடக்கும் காலம். அந்தக் காலத்தில் பாம்புக்கடி வராத கிழமை குறைவு. இரவு ஏழு மணிக்கு ஏறினால் காலை ஏழு மணிக்குத்தான் இறக்கம். வாட்டில் இரண்டு தாதிகள் இருந்தோம். பத்து மணிபோல நெஞ்சுவலிக்காரர் ஒருவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அம்புலன்ஸில் நோயாளியோடு ஒரு தாதி போயே ஆக வேண்டும். மற்றவர் ஏறிப் போனார். மிச்சம் நானும் ஒரு சிற்றூழியரும்.

அவர் போய் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, யானைக்குக் காவல் இருக்க வயலுக்குப் போன ஒருவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு வந்தார்கள். "புடையன் மிஸ், புடையன்" (கண்ணாடி விரியன் பாம்பு) என்று கூட வந்தவர் நடுங்குகிறார். கடித்த இடம் வீங்கிவிட்டது. இரத்தம் உறைகிறதா என்று பார்க்க, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சரித்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் அடியில் அப்படியே நிற்கும். அன்றைக்குச் சரித்ததும் ஓடியது, விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். டொக்டர் விஷமுறிவு மருந்தைத் தொடங்கச் சொன்னார்.

அந்த மருந்து தூளாகத்தான் குப்பியில் வரும். பத்துக் குப்பி. ஒவ்வொன்றிலும் பத்து மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். நான் உருட்டிக்கொண்டு நிற்கிறேன், மேசையில் தொலைபேசி அடிக்கிறது, இன்னொரு கட்டிலில் ஓர் அம்மாவுக்கு நெபுலைசர் முடிந்து கையைக் காட்டுகிறார், வாசலில் புதிதாக ஒருவரை ட்ரொலியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். மருந்து ஏறத் தொடங்கிய பிறகோ கட்டிலை விட்டு நகரக்கூடாது. உடம்பு அரித்துத் தடிக்கலாம், மூச்சு இழுக்கலாம், பிரஷர் விழலாம். அட்ரினலினை ஊசியில் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவர் தப்பிவிட்டார். சில நாளில் நடந்தே வீட்டுக்குப் போனார். ஆனால் அதே நேரத்தில் கடைசிக் கட்டிலில் ஒரு வயதான ஐயா சிறுநீர்ப் போத்தல் கேட்டுக் கேட்டுப் பார்த்து, முடியாமல் படுக்கையை நனைத்துவிட்டார். சிற்றூழியர் அந்த நேரம் இரத்த மாதிரியோடு ஆய்வுகூடத்துக்கு ஓடியிருந்தார். விடியும்வரை ஐயா வெட்கத்தில் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. காலையில் மகன் வந்து, "சம்பளம் எடுக்கிறியள்தானே, ஒரு போத்தல் எடுத்துக் குடுக்க ஏலாதோ?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த இடத்தில் ஒருநாளும் நிற்பதில்லை, நான்தான் நிற்கிறேன். அதுதான் என் ஆத்திரம்.

ஒப்படைக்கும்போது பொறுப்புத் தாதியிடம் நடந்ததைச் சொன்னேன். "தங்கச்சி, நாங்கள் செல்லடிக்குள்ள வேலை செய்தனாங்கள். இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். அவர் நல்ல மனுஷி. சொன்னதும் பொய்யில்லை, போரில் ஷெல் குண்டுகள் விழும்போது வேலை செய்தவர்தான். ஆனால் அதைக் கேட்ட பிறகு நான் வேறு எதையும் யாரிடமும் சொல்வதில்லை. செல்லடிக்கு முன்னால் சிறுநீர்ப் போத்தலை வைத்து என்ன கதைப்பது?

இப்போது எனக்கு எப்படி இருக்கிறது என்றால், ஓய்வு நாளில் அம்மா எடுத்தால்கூட போனைத் தூக்க மனமில்லை. முன்பெல்லாம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஊர் கேட்டு, பிள்ளைகளை விசாரிப்பேன். இன்றைக்குக் கட்டில் இலக்கம்தான் வாயில் வருகிறது. இடமாற்றக் கடிதம் கையில் இருக்கிறது, பதிலாள் வந்தால்தான் விடுவிப்பார்களாம். வர வேண்டியவரோ 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ பேர் போன மாதிரி வெளிநாடு போய்விட்டார் என்று கேள்வி. வேலை கூடுதல் என்பதைக்கூடத் தாங்கலாம். எப்போது முடியும் என்று ஒருவரும் சொல்லாததுதான் ஆளைத் தின்கிறது. உங்களுக்கும் இப்படி இருந்திருந்தால் எழுதுங்கள்.

பதில் – டயாலிசிஸ் தம்பி

அக்கா, நான் வவுனியாப் பக்கம் வேலை செய்யும் ஆண் தாதி. எங்கள் டயாலிசிஸ் (இரத்தச் சுத்திகரிப்பு) பிரிவுக்கு வருபவர்களில் பாதிப்பேர் உங்களுக்குத் தெரிந்த கதைதான்: விவசாயி, நீரிழிவும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனால் சிறுநீரகம் போய்விட்டது. காரணம் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாத அந்தச் சிறுநீரக நோய் வவுனியாவிலும் உண்டு. கிழமையில் இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் அவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். மகளுக்கு ஓ.எல் றிசல்ட்ஸ் வந்தது, குளம் வான் பாய்ந்தது, மாடு கன்று போட்டது எல்லாம் தெரியும். ஒரு நாள் அவர் வரமாட்டார். அந்த இடத்துக்குக் காத்திருப்பவர் ஒருவர் இருப்பார். அதே மெஷினை அன்றைக்கே அவருக்குக் கழுவித் தயார்ப்படுத்துவேன். அப்படிப் போன ஒருவருக்காகப் பத்து நிமிடம் வெளியே மாமரத்தடியில் நின்றதற்கு, "டியூட்டி நேரத்தில எங்க போனனீர்?" என்று கேட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்தக் களைப்பை (burnout) ஒரு நோய் என்று வகைப்படுத்தாமல், வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்று வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் தள்ளி நிற்பது, செய்வதில் பயன் இல்லை என்று படுவது – மூன்றும் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கட்டில் இலக்கம் என்று எழுதியதுதான் அந்த இரண்டாவது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலையிட அழுத்தத்தால் வருவது என்று அதில் தெளிவாக இருக்கிறது. கையாள வேண்டியது யார்? எங்களுக்கு ஒருநாள் மன அழுத்தக் கருத்தரங்கு வைத்தார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார்கள், றோல்ஸும் தேநீரும் தந்தார்கள். நைட் ரோஸ்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஓ.ரி (மேலதிக நேர வேலை) பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆள் இல்லாத இடத்தை ஓ.ரியால்தான் நிரப்பி ஓட்டுகிறார்கள். வீட்டு லோனைக் கட்டுவதும் நாங்கள் அந்தக் காசில்தான். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டி, மேலதிக நேரத்துக்கும் விடுமுறை நாளுக்கும் கணக்குப் பார்க்கும் முறையை மாற்றியபோது தாதியர் வீதிக்கு இறங்கியது அதனால்தான். "காசுக்காகக் கத்துகிறார்கள்" என்று பேசியவர்கள், அந்த மேலதிக நேரம் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்கவில்லை. ஓய்வை விற்றுத்தான் அந்தக் காசு வருகிறது.

பதில் – ஓய்வுபெற்ற மிஸ்

பிள்ளை, உம்முடைய பொறுப்புத் தாதி சொன்ன வசனத்தைப் பற்றி நான்தான் எழுத வேண்டும், ஏனென்றால் இறுதிப் போர் நடந்த 2009இல் நான் வவுனியாவில் வேலையில் இருந்தேன். செல்லடிக்குள் நின்றவர்கள் புதுக்குடியிருப்பிலும் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருந்த எங்கள் ஆட்கள். அவர்கள் மடக்குக் கட்டிலும் தறப்பாளும் வைத்துச் செய்த வேலைக்கு முன்னால் நான் பேச ஒன்றும் இல்லை. எங்களிடம் வந்தது அங்கேயிருந்து தப்பி வந்த சனம். சித்திரை, வைகாசியில் பஸ் பஸ்ஸாக இறக்கினார்கள். கட்டிலில் ஆள், கட்டிலுக்குக் கீழே ஆள், நடைபாதையில் ஆள். காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, "என்ர பிள்ளை எந்த வாட்டில?" என்று கேட்பார்கள். கழுவுவதா, பதில் சொல்வதா?

நாங்கள் தாங்கினோம் என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த தாதி ஒருவர் போர் முடிந்து, செட்டிகுளத்து முகாம்களும் மூடப்பட்டு, எல்லோரும் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் உடைந்தார். வாட்டில் பெரிதாக ஒன்றும் நடக்காத ஒரு பின்னேரம். ட்ரொலிச் சில்லுச் சத்தம் கேட்டதும் மருந்து அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். பிறகு நீண்ட லீவு, பிறகு வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் இரவில் நித்திரைக் குளிசை இல்லாமல் படுக்க மாட்டார். இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தாங்கினவர்கள் என்று எண்ணும்போது வேலையில் மிஞ்சி நிற்பவர்களை மட்டும் எண்ணுகிறார்கள்.

அந்த நேரத்தில் எங்களுக்கு இருந்து உங்களுக்கு இல்லாத ஒன்றும் உண்டு. வெளி மாவட்டங்களிலிருந்து உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் வந்தார்கள். தமிழ் தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டே ஊசி போட்டார்கள். இது அசாதாரண காலம் என்று எல்லோருக்கும் தெரியும், முடிவு ஒன்று வரும் என்றும் தெரியும். உங்களுடையதைச் சாதாரண காலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாதாரண காலத்தில் ஒரு தாதி தனியே ஒரு வாட்டைப் பார்ப்பதை, போர்க்காலத்தைக் காட்டி நியாயப்படுத்துவது பெரிய பிழை. நாங்கள் பட்ட பாட்டை உங்கள் வாயை அடைக்க எடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், 2009இல் வேலை செய்த ஒரு மிஸ் இதை எழுதியிருக்கிறார் என்று காட்டும்.

இரவில் நித்திரை வராமல், உயிரோடு இருந்து என்ன என்ற மாதிரி யோசனை வந்தால் தள்ளிப்போட வேண்டாம். 1926க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை கிடைக்கும். உங்கள் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போக வெட்கமாக இருந்தால், பக்கத்து மாவட்டத்தில் காட்டலாம். தெரிந்த முகங்கள் இருக்காது.

பதில் – ஒட்டுசுட்டான் மகள்

நான் தாதி இல்லை. அப்பாவோடு வாட்டில் நின்ற ஆள். அங்கே ஒரு மிஸ் எங்களிடம் எரிந்து விழுந்தவர், நாங்களும் விடவில்லை. பின்னேரம் தண்ணீர் பிடிக்கப் போனபோது பார்த்தேன், சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து இரண்டு வாய் வைப்பதற்குள் கூப்பிட்டார்கள், அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடினார். இரவு எட்டு மணிக்கும் அந்தப் பார்சல் அதே இடத்தில் கிடந்தது. அவர் எரிந்து விழுந்தது சரியென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் யாரோடு சண்டை பிடிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நாங்கள் என்ன செய்யலாம்? உண்மையாகவே கேட்கிறேன்.

முதற்பதிவு எழுதிய உள்வீதித் தாதி

எல்லோருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற மிஸ் எழுதியதைப் பொறுப்புத் தாதிக்கே அனுப்பினேன். "உண்மைதான்" என்று மட்டும் பதில் போட்டார். அடுத்த நாள், முடிந்தால் நைட்டுக்கு மூன்றாவது ஆளைக் கேட்டு மேட்ரனுக்கு எழுதுவோம், நீரும் கையெழுத்துப் போடும் என்றார். எழுதியிருக்கிறோம்.

ஒட்டுசுட்டான் தங்கச்சி கேட்டதற்கு: வாட்டில் உதவி என்றால், கிளினிக் கொப்பியையும் போடுகிற குளிசைகளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அது இல்லாமல் நாங்கள் இரவில் தேடுகிற நேரம் கொஞ்ச நஞ்சமல்ல. பாம்பு கடித்தால் கட்டவோ வெட்டவோ வேண்டாம், மோதிரம் காப்பைக் கழற்றி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு நேரே வாருங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர மினக்கெட வேண்டாம். விஷகடி வைத்தியரிடம் போய்விட்டு விடியத்தான் வருபவர்களை வைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடு தனிக் கதை.

அதைவிடப் பெரிய உதவி வெளியில் இருக்கிறது. தாதியர் நியமனமும் நாடளாவிய இடமாற்றமும் கொழும்பில், சுகாதார அமைச்சில் முடிவாகின்றன. நாங்கள் எழுதினால் ஊழியர் முறைப்பாடு என்று கோப்பில் போடுவார்கள். சனம் எழுதினால் வேறு. உங்கள் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் ஊர் ஆட்களும் இருப்பார்கள். கூட்டத்தில் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பது பற்றி மட்டும் கதைக்காமல் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இரவில் ஒவ்வொரு வாட்டிலும் எத்தனை தாதி? அம்புலன்ஸில் ஒருவர் போனால் அந்த இடத்துக்கு யார் வருவார்? வெளியூர்ப் பிள்ளைகள் தங்க விடுதி இருக்கிறதா, இருந்தால் அதில் தண்ணீர் வருகிறதா? பதிலை எழுத்தில் வாங்கி, மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் எழுத ஆள் இல்லையென்றால் இங்கேயே சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.