பேட்மேன்கிட்ட இருந்து காசைப் புடுங்குன அப்புறம்தான் எனக்கு அவனைப் புடிச்சிருக்கு, உங்களுக்கு?

சாட்ஸ்வர்த்_வௌவால் எழுதியது:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு சத்தமில்லாம போற ஆளு நான், இன்னைக்குதான் முதல் தடவை எழுதறேன். தமிழ் அங்கங்க இடிச்சா பொறுத்துக்கோங்க, ஆயாகிட்டயும் சனிக்கிழமை கோயில் வகுப்புலயும் கத்துகிட்டதுதான்.

விஷயம் என்னன்னா, சூப்பர்ஹீரோ காமிக்ஸை நான் 2016 வாக்குல விட்டுட்டேன். வருஷத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் மறுபடி ஒண்ணாம் நம்பர்லேர்ந்து ஆரம்பிக்கறாங்க, ஒரு கதை முடிவு தெரியணும்னா இன்னும் பத்து புக்கு வாங்குன்னு இழுக்கறாங்க, இங்க தென்னாப்பிரிக்கால ராண்டுல சம்பளம் வாங்கறவனுக்கு இது கட்டுப்படியாகுமா? போன மாசம் டர்பன் பக்கத்துல ஃபீனிக்ஸ்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், அக்கா பையன், 14 வயசுப் பொடிசு, "மாமா இதைப் படிச்சுப் பாரு"ன்னு அப்சல்யூட் பேட்மேன் முதல் தொகுப்பைக் கொண்டாந்து குடுத்தான். பன்னி சௌ (ரொட்டியைக் குடைஞ்சு உள்ள கறி ஊத்தித் தர்றது) தின்ன கையைக் கழுவிட்டுத் தொடுன்னு மிரட்டல் வேற. சும்மா நாலு பக்கம் புரட்டலாம்னு உக்காந்தவன் கடைசிப் பக்கம் வரைக்கும் எந்திரிக்கவே இல்ல, அக்கா ரெண்டு தடவை டீ போட்டு ரெண்டும் ஆறிப் போச்சு.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். டிசி கம்பெனி தன்னோட பழைய ஹீரோக்களை வேற ஒரு உலகத்துல புதுசா எழுதற வரிசைக்குப் பேரு அப்சல்யூட். அதுல பேட்மேன் 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சது, எழுத்து ஸ்காட் ஸ்னைடர், படம் நிக் டிராகோட்டா. இதுல பேட்மேனா வர்ற புரூஸ் வெய்ன் பணக்காரன் இல்ல. மாளிகை கிடையாது, பட்லர் கிடையாது. அப்பா டாக்டர் இல்ல, ஸ்கூல் வாத்தியார், பிள்ளைங்களை ஜூவுக்குக் கூட்டிட்டுப் போன இடத்துல சுட்டுடறாங்க. அம்மா மார்த்தா உயிரோட இருக்காங்க. பையன் ஒரு இன்ஜினியர். நெஞ்சுல இருக்கற வௌவால் சின்னத்தைக் கழட்டினா அது கோடாரி, காது ரெண்டும் கத்தி, பேட்மொபைல்னு வர்றது மைன்ல ஓடுமே அந்த சைஸ்ல ஒரு ராட்சஸ லாரி. காசு எல்லாம் எங்க போச்சுன்னா ஜோக்கர்கிட்ட போயிடுச்சு! அந்த ஜோக்கர் சிரிக்கவே மாட்டானாம்.

ஆனா எனக்கு உள்ள இறங்கினது கோடாரி இல்ல, அந்தக் கூட்டாளிங்கதான். பெங்குவின், ரிட்லர், டூ ஃபேஸ், கில்லர் கிராக்னு நாம வில்லனா பார்த்தவங்க எல்லாம் இதுல அவனோட சின்ன வயசு சிநேகிதங்க, ஒருத்தருக்கொருத்தர் உயிரைக் குடுக்கற மாதிரி. எங்க தாத்தா குடும்பத்தை இனத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல, டர்பன்ல கேட்டோ மேனர்லேர்ந்து கிளப்பி சாட்ஸ்வர்த்ல கொண்டாந்து போட்டாங்க, ஒட்டு ஒட்டா வீடு, பக்கத்து வீட்ல மிளகாய் வறுத்தா நம்ம வீட்ல தும்மல். அந்தத் தெருவுல என்கூட டென்னிஸ் பால்ல கிரிக்கெட் ஆடினவங்கள்ல ஒருத்தன் வக்கீல், ஒருத்தன் நர்ஸு, ஒருத்தன் உள்ள இருக்கான், ஒருத்தன் செத்தே போயிட்டான். யாரு என்னவா ஆவான்னு அப்போ எவனுக்குத் தெரியும். புக்குல ஆஸ்வால்டும் (பெங்குவின்) ஹார்வியும் (டூ ஃபேஸ்) உக்காந்து கிண்டலடிக்கற பக்கம் வந்தப்ப எனக்கு வேற முகங்கதான் தெரிஞ்சுது.

சரி கேள்வி. எனக்கு மட்டும்தான் இப்படியா, இல்ல நெஜமாவே புக்கு நல்லாதான் இருக்கா? இன்னொண்ணு, மாசம் 400 ராண்டுக்கு மேல ஒரு சென்ட் கிடையாதுன்னு வீட்ல உத்தரவு. இந்த அப்சல்யூட், மார்வெல்ல இதே மாதிரி ஒரு வரிசை அல்டிமேட்னு சொல்றாங்களே, அதுல எதை வாங்கலாம்?

ஜோபர்க்_மணி எழுதியது:

வாங்க அண்ணா. நான் சிவகாசிக்காரன், எட்டு வருஷமா இங்க ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கத்துல மிட்ராண்ட்ல வேலை. நீங்க சொல்றதை மதிக்கறேன் ஆனா ஒத்துக்க மாட்டேன். காசில்லாத பேட்மேன்னு சொல்றாங்க, சரி, அந்த லாரிக்கு டீசல் எவன் போடறான்? நானும் இன்ஜினியர்தான், மாசக் கடைசியில என் போலோ காருக்கு டேங்க் நிரப்ப யோசிக்கறேன். ஏழை ஏழைன்னு சொல்லிட்டு பக்கத்துக்குப் பக்கம் புதுசு புதுசா ஆயுதம் எடுத்தா அது ஏழை இல்ல, கணக்கு காட்டாத பணக்காரன். படம் மட்டும் குறை சொல்ல முடியாது, டிராகோட்டா வரையற அடி நம்ம மேல விழற மாதிரி இருக்கு.

நெஜமா காசில்லாத ஹீரோன்னா எங்க ஊர்ல 1972லயே பார்த்தாச்சு, முத்து காமிக்ஸ் முதல் புக்கு இரும்புக்கை மாயாவி. லேப்ல உதவியாளா இருந்தவன், கை போயிடும், இரும்புக்கை மாட்டுவான், கரண்ட் ஷாக் வாங்கினா ஆள் மறைஞ்சு கை மட்டும் தெரியும். இங்கிலாந்துல வேலியண்ட் இதழ்ல வந்தப்ப ஆரம்பத்துல அவன் திருடனாம்! நமக்கு அதெல்லாம் தெரியாது, நமக்கு அவன் ஹீரோ. (ஸ்டேஜ் 6 லோட்ஷெட்டிங்னு கரண்ட் கட் பண்ண சமயத்துல இங்க இருந்திருந்தா பாவம் ஒரு வேலைக்கும் ஆகியிருக்க மாட்டான்.)

உங்க காசுக்கு நான் சொல்றது அப்சல்யூட் சூப்பர்மேன். ஜேசன் ஆரன் எழுத்து, ரஃபா சாண்டோவல் படம். இதுல குழந்தையா ராக்கெட்ல வந்து விழல, கிரிப்டான்லயே வளர்ந்துட்டு வர்றான், அங்க அவன் அப்பா அம்மா அடித்தட்டு உழைப்பாளிங்க, மேல இருக்கறவன் கிரகத்தையே சுரண்டித் தின்னுட்டு கிளம்பிடறான். பூமிக்கு வந்தா இங்கயும் அதே கதை, லாசரஸ்னு ஒரு கம்பெனி, சுரங்கத்துல ஆளுங்களைப் பிழியறாங்க, இவன் அவங்க பக்கம் நிக்கறான். ஜோபர்க்ல மைன் மண்ணு மேடு தெரியற ஜன்னல் பக்கத்துல உக்காந்து இதைப் படிச்சுப் பாருங்க அண்ணா.

மார்வெல் பக்கம் போகாதீங்க. அல்டிமேட் ஸ்பைடர்மேன்னு 2024 ஜனவரியில ஆரம்பிச்சாங்க, ஹிக்மேன் எழுத்து, செக்கெட்டோ படம். ஸ்பைடர்மேனா வர்ற பீட்டருக்கு 35 வயசு கிட்ட, தாடி, எம்ஜேவோட கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைங்க, பென் மாமா உயிரோட இருக்கார், அவரும் ஜேம்சனும் சேர்ந்து பத்திரிகை ஆரம்பிக்கறாங்க. பழைய வரிசையில 2007ல சாத்தானோட ஒப்பந்தம் போட்டு அந்தக் கல்யாணத்தை அழிச்சாங்களே, அந்த வயித்தெரிச்சல் 17 வருஷம் கழிச்சுதான் கொஞ்சம் அடங்குச்சு. உடனே என்ன பண்ணாங்க? 24 இதழோட மூட்டை கட்டிட்டாங்க, மொத்த வரிசையும் அல்டிமேட் எண்ட்கேம்னு காலி. நல்லா விக்கற கடையை எவனாவது பூட்டுவானா?

டோங்காட்_அக்கா எழுதியது:

ஐஷ், ஆம்பளைங்க ரெண்டு பேரும் பேட்மேன் சூப்பர்மேன்னு சுத்திட்டே இருக்கீங்க. இந்த வரிசையிலயே ஒசத்தி அப்சல்யூட் வொண்டர் வுமன்தான். கெல்லி தாம்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் படம். 2025ல காமிக்ஸுக்குன்னே குடுக்கற ஐஸ்னர் விருதுல சிறந்த புதுத் தொடர்னு இதுக்குத்தான் குடுத்தாங்க, சும்மா இல்ல.

கதை என்னன்னா வொண்டர் வுமனா வர்ற டயானா இதுல தீவுல அம்மாகிட்ட வளரல. கைக்குழந்தையா நரகத்துல கொண்டுவந்து சூனியக்காரி சர்ஸிகிட்ட விட்டுடறாங்க. அமேசான்ங்கற அவ இனத்தோட பேர் அங்க வாயில வரவே கூடாது, தடை. தன் இனத்துக்கு என்ன பேருன்னே தெரியாம அந்தப் பொண்ணு வளருது. ஆனா சர்ஸி அவளை வளர்க்கற விதம் இருக்கே, வேண்டா வெறுப்பா ஆரம்பிச்சு பாசமா மாறும், நரகத்துல இருக்கற பூச்சி பொட்டுக்கெல்லாம் அந்தக் குழந்தை அன்பு காட்டும். பெரிய வாள், எலும்பா இருக்கற பறக்கற குதிரை, அதெல்லாம் பார்க்க அழகுதான், ஆனா நான் அழுதது அந்தப் பேர் விஷயத்துக்கு.

1860ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து டர்பன் வந்து சேர்ந்துச்சு, அதுக்குப் பின்னாடி வந்த ஏதோ ஒரு கப்பல்லதான் எங்க ஆளுங்களும் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தாங்க. ஊர் பேரை குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதி வெச்சான், இன்னைக்கு வரைக்கும் எது அந்த ஊருன்னு எங்களால கண்டுபுடிக்க முடியல. ஆயா தமிழ்ல ஒப்பாரி பாடுவாங்க, அம்மாவுக்கு முழுசா புரியும், எனக்குப் பாதி, என் மகளுக்கு மாரியம்மன் கஞ்சி பூசையில பாடற பாட்டு மட்டும்தான். அதுவும் இங்கிலீஷ்ல எழுதி வெச்சுப் பாடுவா. அதான் டயானா முதல் தடவை அந்த வார்த்தையைக் கேக்கற இடத்துல புக்கை மூடி வெச்சிட்டு கொஞ்ச நேரம் வெளிய போய் நின்னேன்.

மணி தம்பி, மார்வெல் மேல எனக்கும் கோவம் இருக்கு, அது வேற கோவம். மிஸ் மார்வெல்னு வர்ற கமலா கான், 2014லேர்ந்து சொந்தத் தொடர், நம்ம மாதிரி முகத்தோட ஒரு பொண்ணு, அவளை 2023ல எதுல சாகடிச்சாங்க? அவ புக்குல கூட இல்ல, ஸ்பைடர்மேன் புக்குல! ரெண்டே மாசத்துல நீ மியூட்டன்ட்டு, பிறவியிலயே சக்தி உள்ளவன்னு சொல்லி எழுப்பிட்டாங்க. சாவுக்கு ஒரு மரியாதை வேணாமா, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு ஈரம் காயறதுக்குள்ள திரும்பி வந்து நின்னா எப்படி.

போர்ட்லூயி_பொடியன் எழுதியது:

மொரீஷியஸ்லேர்ந்து வணக்கம். நாங்க இதெல்லாம் ஃப்ரெஞ்சுல படிக்கறோம், டிசி புக்கு உர்பன் கொமிக்ஸ் போடறாங்க, கெட்டி அட்டை, நல்ல காகிதம், அதனால மாசாமாசம் வர்ற ஒத்தை இதழ் (சிங்கிள்) வாங்கற பழக்கமே எனக்கு வரல. வௌவால் அண்ணே, நீங்களும் சிங்கிள் வாங்காதீங்க. அப்சல்யூட் பேட்மேன் ஒரு இதழ் 4.99 டாலர், உங்க ராண்டுல நூறுக்குக் கொஞ்சம் குறைவா வரும், தபாலும் 15 சதவீத வாட்டும் தனி. நாலு இதழ்ல மாசக் காசு முடிஞ்சு போச்சு, கதை பாதியில நிக்கும். 2025 ஜனவரியில டயமண்ட்னு அந்தப் பெரிய விநியோகக் கம்பெனி திவால் மனு போட்டதுலேர்ந்து சின்னக் கடைங்க பாடு வேற திண்டாட்டம். தொகுப்பா வாங்குங்க, இல்லன்னா டிசி காம்பாக்ட்னு கையடக்க சைஸ்ல 9.99 டாலர்ல போடறாங்க. பழைய கதைங்கதான், ஆனா கோர்ட் ஆஃப் அவுல்ஸ் அதுல இருக்கு, அதே ஸ்னைடர் பணக்கார பேட்மேனை எழுதினது, பக்கத்துல வெச்சுப் பாருங்க சுவாரசியமா இருக்கும்.

மணி அண்ணே, பூட்டுனது தப்புன்னு சொல்றீங்க, எனக்கு அதான் புடிச்சுது. அந்த உலகத்தைக் கெடுத்த மேக்கர் ரெண்டு வருஷத்துல திரும்பி வருவான்னு ஆரம்பத்துலயே கடிகாரம் வெச்சுட்டுத்தானே தொடங்கினாங்க? கதையில ஒரு மாசம், வெளிய ஒரு மாசம், அப்படியே ஓடி நேரம் வந்ததும் முடிஞ்சுது. முன்னாடி இருந்த அல்டிமேட் 2000லேர்ந்து 2015 வரைக்கும் இழுத்து கடைசியில எவனும் கண்டுக்காம போச்சு. முடியாத கதை சீரியல் மாதிரி, மாமியார் சாகவும் மாட்டா திருந்தவும் மாட்டா.

ஜோபர்க்_மணி எழுதியது:

பொடியா, முடிக்கறது வேற, பாதி சாப்பாட்டுல இலையை மடிக்கறது வேற. பீட்டர் ஸ்பைடர்மேன் ஆகி, பொண்டாட்டி புள்ளைங்களுக்கு விஷயம் தெரிஞ்சு, குடும்பமா என்ன பண்ணப் போறாங்கன்னு சூடு பிடிக்கற நேரம். பாதி இதழ் சாப்பாட்டு மேசையில உக்காந்து பேசிட்டே இருந்தாங்க, அதைக் குறையா சொல்லல, எனக்கு அதான் புடிச்சுது, ஆனா அப்படி நிதானமா போனவங்க கடைசியில ஏன் ஓடணும்? சொல்லு பார்ப்போம்.

கேப்டவுன்_கறிவேப்பிலை எழுதியது:

எல்லாரும் நியூயார்க்கும் பேட்மேனோட காத்தமும் பேசறீங்க, நம்ம நாட்டுக்காரன் போட்ட குவேசி காமிக்ஸ் ஒருத்தர் வாயிலயும் வரலியே. லோயிசோ ம்கிஸே 2014ல ஆரம்பிச்சது, கோல்டு சிட்டின்னு ஜோபர்க் மாதிரி ஒரு ஊர், 19 வயசுப் பையன், சக்தி வந்ததும் முதல்ல ஃபோட்டோ போட்டு பீத்திக்கறான், பொறுப்பெல்லாம் அப்புறம்தான். குவேசின்னா கோசா மொழியில நட்சத்திரம்னு அர்த்தம். சின்ன வயசுல பேப்பரோட ஃப்ரீயா சூப்பா ஸ்ட்ரைக்காஸ்னு ஃபுட்பால் காமிக்ஸ் வருமே, ஞாபகம் இருக்கா, இவரு அதுலயும் வரைஞ்சவர். டாலர் பிரச்சினை கிடையாது, கஸ்டம்ஸ் கிடையாது. பையனுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க, லெக்கரா, சூப்பரா இருக்கும்.

சாட்ஸ்வர்த்_வௌவால் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ பேர் பதில் போடுவீங்கன்னு எதிர்பார்க்கல.

மணி தம்பி, டீசல் கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்துடுச்சு. நேத்து மறுபடி படிச்சேன், நீ சொன்னது நியாயம்தான், லாரிக்குக் கணக்கு உதைக்குது. ஆனாலும் ஒண்ணு சொல்றேன், பழைய பேட்மேன் அடிபட்டா மாளிகைக்குப் போய் படுத்துக்குவான், இவனுக்குப் போய் படுக்க அந்த மாதிரி இடமே இல்ல. எனக்கு அது போதும். லாரியை நான் மன்னிச்சிட்டேன்.

அக்கா, நீங்க எழுதினதை என் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்களுக்கு வொண்டர் வுமன் யாருன்னே தெரியாது. குமாஸ்தா ஊர் பேரைத் தப்பா எழுதின இடம் வந்ததும் "நம்ம பேப்பர்லயும் அப்படித்தான்டா"ன்னு அலமாரியிலேர்ந்து ஒரு கவரை எடுத்துட்டு வந்துட்டாங்க, அப்புறம் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அதே பேச்சுதான். அதனால இந்த மாசக் காசு டயானாவுக்கு, முதல் தொகுப்பு சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த மாசம் குவேசி. சூப்பர்மேன் கியூவுல நிக்கட்டும்.

பேட்மேன் ரெண்டாவது தொகுப்பு அக்கா பையன்கிட்டயே இருக்கு, வாங்கிப் படிச்சுக்கலாம்னு இருந்தேன். கேட்டா குடுக்க மாட்டேங்கறான். முதல் தொகுப்புல பேட்மேனும் பிளாக் மாஸ்க்கும் மோதற பக்கத்துல மஞ்சளா ஒரு விரல் அடையாளம் இருக்காம், கறி வாசனையும் அடிக்குதாம். நான் கையைக் கழுவினேன்னுதான் இன்னும் சொல்லிட்டு இருக்கேன்.