டிரான்சிட் விசாவைப் பார்க்க வேண்டியது யார், டிக்கெட் விற்றவரா வாங்கியவரா?

தேவகோட்டை ரஸ்தா:
எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். தங்கை பாஸ்டனில் இருக்கிறாள், இது ஒன்பதாம் மாதம். அப்பச்சியும் ஆத்தாவும், அதாவது எங்கள் அப்பாவும் அம்மாவும், பிரசவத்துக்குப் புறப்பட்டார்கள். இருவர் பாஸ்போர்ட்டிலும் பத்து வருட அமெரிக்க விசா இருக்கிறது. டிக்கெட் சென்னை, பிராங்க்பர்ட், லிஸ்பன், பாஸ்டன் என்று இரண்டு இடத்தில் மாறிப் போகிற மாதிரி. விலை குறைவு என்று ஊரில் ஒரு ஏஜென்ட் எடுத்துக் கொடுத்தார்.

காலையில் பல்லவன் பிடித்து மதியம் எழும்பூர், ராத்திரி மீனம்பாக்கம். செக்-இன் கவுண்டரில் பெட்டியை எடை போட்ட பிறகுதான் அந்தப் பெண் கேட்டிருக்கிறார்: "ஷெங்கன் விசா எங்கே?" ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா அது. அப்பச்சி, "நாங்கள் ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகப் போவதில்லையே அம்மா, அமெரிக்க விசா இருக்கிறதே" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஏற்றவில்லை. அப்பச்சிக்கு 71 வயது. பிரசவ மருந்துப் பொடிகளும் மணகோலப் பலகாரமும் அடைத்த பெட்டியோடு இருவரும் விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் பணத்தில் வரி மட்டும்தான் திரும்பி வந்தது.

பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொண்டுதான் அந்த ஏஜென்ட் டிக்கெட் போட்டார். எந்த நாட்டுப் பாஸ்போர்ட், என்ன விசா, எந்த வழி, மூன்றும் அவர் கையில் இருந்தன. அப்படி இருக்க, பொறுப்பு விற்றவருடையதுதான் என்கிறேன்.

டிக்கெட்காரர் காரைக்குடி:
தம்பி, படிக்கவே கஷ்டமாக இருந்தது. நான் இதே தொழிலில் 22 வருடம் இருக்கிறேன், அதனால் மாற்றித்தான் பேசுவேன். கோபிக்க வேண்டாம்.

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விசா இருந்தால் ஷெங்கன் நாடுகளில் விமான நிலைய டிரான்சிட் விசா, அதாவது வெளியே போகாமல் விமானம் மட்டும் மாறுவதற்கான விசா, தேவையில்லை என்பது உண்மை. பிராங்க்பர்ட்டில் இறங்கி, அங்கிருந்தே பாஸ்டன் விமானம் ஏறியிருந்தால் ஒரு தடையும் இருந்திருக்காது. ஆனால் பிராங்க்பர்ட்டும் லிஸ்பனும் இரண்டுமே ஷெங்கனுக்குள். அந்த நடு விமானம் நம்மூர் மதுரை-சென்னை விமானம் மாதிரி, உள்நாட்டுக் கணக்கு. அதில் ஏற வேண்டுமானால் பிராங்க்பர்ட்டிலேயே குடியேற்றச் சோதனையைத் தாண்டி ஐரோப்பாவுக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைய முழு ஷெங்கன் விசா வேண்டும். டிரான்சிட் சலுகை அதற்குச் செல்லாது.

இனி பொறுப்பு. பயண ஆவணங்களைச் சரிபார்ப்பது பயணியின் பொறுப்பு என்று டிக்கெட் நிபந்தனையிலேயே இருக்கிறது. நான் தினமும் பல டிக்கெட் போடுகிறேன். ஒவ்வொருவரின் விசாவையும் ஒவ்வொரு நாட்டுச் சட்டத்தோடு வைத்துப் பார்க்க நான் தூதரகம் இல்லை.

செக்காலை வீதி:
அண்ணே, நீங்கள் சொன்ன நிபந்தனை உண்மை. ஆனால் சட்டம் இன்னொரு பக்கமும் பேசுகிறது. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டு உத்தரவுப்படி உறுப்பு நாடுகள் ஒரு பயணிக்குக் குறைந்தபட்சம் 3,000 யூரோ என்றோ, உச்ச வரம்பு 5,000 யூரோவுக்குக் குறையாமல் என்றோ அபராதம் வைக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் கவுண்டரில் அவ்வளவு கெடுபிடி.

கெடுபிடி செய்ய அவர்களிடம் கருவியும் இருக்கிறது. விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா நடத்தும் டிமாட்டிக் என்ற தரவுத்தொகுப்பில் பாஸ்போர்ட் நாடு, கையில் உள்ள விசா, போகும் வழி மூன்றையும் கொடுத்தால், ஏற்றலாமா கூடாதா என்று சொல்லிவிடும். கவுண்டரில் அந்தப் பெண் பார்த்தது அதுதான். புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு பார்க்க முடிகிற விஷயத்தைப் பணம் வாங்குவதற்கு முன்பு பார்த்தால் என்ன? தன் அபராதத்தைத் தவிர்க்க மட்டும் சோதிக்கிறார்கள், பயணியின் பணத்தைக் காப்பாற்றச் சோதிப்பதில்லை. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

டிக்கெட்காரர் காரைக்குடி:
கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பில் எப்படி என்று பாருங்கள். ஒரே பங்காளி வீட்டில் ஒருவரிடம் இந்தியப் பாஸ்போர்ட், கொழும்பிலேயே தங்கிவிட்டவரிடம் இலங்கைப் பாஸ்போர்ட். ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஷெங்கன் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது, ஆகவே எந்த ஷெங்கன் விமான நிலையத்தில் மாறினாலும் அவரிடம் டிரான்சிட் விசா கேட்பார்கள். இந்தியா அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. ஆனால் தனித்தனி நாடுகள் தங்கள் பங்குக்குச் சேர்த்துக்கொள்ளலாம், ஜெர்மனியும் பிரான்சும் இந்தியாவை அப்படித்தான் சேர்த்திருந்தன. டிக்கெட் வாங்கும்போது இருக்கும் விதி புறப்படும்போது மாறியிருக்கும். கையில் இருந்த விசாவும் அதற்குள் காலாவதி ஆகியிருக்கும். ஆறு மாதம் முன்பே டிக்கெட் போட்டவருக்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பது?

புதுவயல்:
ஜெர்மனி இந்தியர்களுக்கு விசா இல்லாத டிரான்சிட் தருவதாக 2026 ஜனவரியில் அறிவித்ததே. அப்புறம் எதற்கு இந்தச் சண்டை? எல்லாம் தளர்ந்துகொண்டுதான் வருகிறது.

செக்காலை வீதி:
அந்த அறிவிப்பு ரஸ்தா வீட்டுப் பயணத்துக்கு உதவாது. பிராங்க்பர்ட்டில் இறங்கி ஷெங்கனுக்கு வெளியே போகிற விமானத்தைப் பிடிப்பவருக்குத்தான் அது. லிஸ்பனுக்குப் போனால் மறுபடி உள்நாட்டுக் கணக்குதான். "டிரான்சிட்டுக்கு விசா வேண்டாமாம்" என்று வாட்சப்பில் வருகிற ஒரு வரியை நம்பி இன்னும் எத்தனை அப்பச்சிமார் கவுண்டரில் நிற்கப் போகிறார்களோ என்று கவலையாக இருக்கிறது.

"வெளியே போகமாட்டேன்" என்ற வாதம் எல்லா நாட்டிலும் செல்லுபடி ஆகாது. அமெரிக்காவில் பன்னாட்டு டிரான்சிட் பகுதி என்று தனியாக இல்லை. மெக்சிகோ போகிறவர் அமெரிக்காவில் இரண்டு மணி நேரம் விமானம் மாறினாலும் குடியேற்ற அதிகாரியிடம் நிற்க வேண்டும். சி-1 என்ற டிரான்சிட் விசாவோ சுற்றுலா விசாவோ வேண்டும். விசா இல்லாமல் மாறிப் போகும் சலுகையை அவர்கள் 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். கனடாவிலும் நமக்கு டிரான்சிட் விசா உண்டு. கட்டணம் கிடையாது, ஆனால் விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:
நான் பெர்த்தில் மகன் வீட்டுக்குப் போய்வருகிறவள். என் அனுபவம் இரண்டு பேர் பக்கமும் முழுதாகச் சேராது.

இரண்டு வருடம் முன்பு மகன் செலவு மிச்சம் என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஒரு விமானம், அங்கிருந்து பெர்த்துக்கு வேறு நிறுவனம். திருச்சியில் என் பெட்டியை சிங்கப்பூர்வரைதான் போட முடியும் என்றார்கள். அப்படியானால் அங்கே நான் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு நாட்டுக்குள் நுழைய வேண்டும். இந்தியருக்கு சிங்கப்பூர் போக விசா வேண்டும், என்னிடம் இல்லை. கை கால் ஓடவில்லை.

கவுண்டரில் இருந்த ஒரு பையன்தான் என் ஆஸ்திரேலிய விசாவைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, உங்களுக்கு 96 மணி நேரச் சலுகை உண்டு" என்றான். ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவும், 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் டிக்கெட்டும் இருந்தால் டிரான்சிட்டில் உள்ள இந்தியரை சிங்கப்பூரில் விசா இல்லாமல் விடுவார்கள். வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அந்தப் பையன் இல்லாவிட்டால் நான் திருச்சியிலிருந்தே திரும்பியிருப்பேன்.

இங்கே ஏஜென்டே கிடையாது, இரண்டு டிக்கெட்டும் மகன் கைபேசியில் எடுத்தவை. யாரைப் போய்க் கேட்பது? அதனால் காரைக்குடி அண்ணன் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் ஏஜென்டிடம் போகிறவர் எதற்குப் போகிறார்? தெரியாததால்தானே. சொல்லித் தராவிட்டால் அந்தச் சேவைக் கட்டணம் எதற்கு அண்ணே?

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி கேட்டதுதான் என் கேள்வியும்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, தொழில் செய்யப் போனவர். முதல் தடவை போகிற பையனை அனுபவப்பட்டவர் ஒருவர் கூடவே கூட்டிப் போவாராம். எங்கே என்ன காட்ட வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கப்பலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். இன்று அந்த இடத்தில் இருப்பவர் டிக்கெட் ஏஜென்ட். அப்பச்சி அவரை நம்பியது அப்படித்தான்.

டிக்கெட்காரர் காரைக்குடி:
இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

சட்டப்படிப் பொறுப்பு பயணியுடையது என்பதில் என் கருத்து மாறவில்லை. எந்த நாட்டுக்குள்ளும் விடுவதா இல்லையா என்பது அங்கே நிற்கும் அதிகாரி கையில், அதை நான் விற்க முடியாது. ஆனால் ஆச்சி கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வழியில் இரண்டு ஷெங்கன் ஊர் சேர்ந்து வருவதை என் கண் ஒரு நொடியில் பிடித்துவிடும். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி காட்விக்கில் ஏறுகிற டிக்கெட்டும் அப்படித்தான், ஊருக்குள் பஸ் பிடித்துப் போகாமல் அது முடியாது. தெரிந்ததைச் சொல்லாமல் விற்பது சரியில்லை.

என் கடையில் பணம் வாங்குமுன் மூன்று கேள்வி கேட்டு எழுதி வாங்கப் போகிறேன்: எந்த நாட்டுப் பாஸ்போர்ட், வேறு நாட்டு விசா என்னென்ன, எதுவரை செல்லும். வழியில் சிக்கல் தெரிந்தால் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். பிறகு விதி மாறினால் அது என் தலையில் வராது.

செக்காலை வீதி:
அண்ணே, அந்தச் சீட்டு போதாது என்றுதான் இன்னும் சொல்வேன். இணையத்தில் தானே டிக்கெட் எடுப்பவருக்கு உங்கள் சீட்டு கிடைக்காது. பணம் கட்டும் திரையிலேயே இந்தக் கேள்வி வர வேண்டும், அதை விமான நிறுவனங்கள் மேல் சட்டமாக வைக்க வேண்டும்.

டிக்கெட்காரர் காரைக்குடி:
சட்டம் வந்தால் நானும் பின்பற்றுவேன் தம்பி. வரும்வரை சீட்டு. ரஸ்தா தம்பி, அப்பச்சிக்கு மறுபடி டிக்கெட் போட்டாயிற்றா?

தேவகோட்டை ரஸ்தா:
போட்டாயிற்று அண்ணே. சென்னை, துபாய், பாஸ்டன், ஒரே டிக்கெட், பெட்டி பாஸ்டன்வரை போகும். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறார்கள். இந்தத் தடவை நானும் மீனம்பாக்கம்வரை கூடப் போகிறேன்.