இறக்கத்தில் கணுக்கால் பிசகுகிறது: கார்பன் தகடு ஷூ பற்றி ஆலோசனை தேவை

வணக்கம். கோத்தகிரியில் வசிக்கிறேன். ஆறு ஆண்டுகளாகக் கொடநாடு சாலையிலும் அதையொட்டிய தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் ஓடி வருகிறேன். கடந்த மூன்று மாதங்களாக, இறக்கத்தில் மட்டும் வலது கணுக்கால் வெளிப்புறமாகப் பிசகி, மாலைக்குள் வீங்கிவிடுகிறது.

அதற்குச் சற்று முன்புதான் இந்த ஷூவை வாங்கினேன். சாலைப் பந்தயத்துக்கானது, அடிப்பகுதிக்குள் விறைப்பான கார்பன் தகடு, பீபா நுரை (இலேசான, துள்ளல் தரும் மெத்தை), அடிப்பகுதியின் உயரம் குதிகாலில் 39 மி.மீ., முன்பாதத்தில் 31 மி.மீ. (சாலைப் போட்டிகளில் உலகத் தடகள அமைப்பு அனுமதிக்கும் உச்சவரம்பே 40 மி.மீ.தான்.) தார்ச்சாலை ஏற்றத்தில் அது தரும் உந்துதலை நன்றாகவே உணர்கிறேன், ஆகவே அதை விட மனம் வரவில்லை. ஆனால் மழை பெய்த செம்மண் பாதையில் மிருதுவான நுரை ஒருபக்கமாக அமுங்கும்போது, விறைப்பான தகடு பாதத்தை நிலத்தின் சாய்வுக்கேற்ப வளையவிடுவதில்லை என்று கருதுகிறேன். வலது ஷூவின் வெளிவிளிம்பில் நுரை சுருக்கம் விழுந்து சாய்ந்திருக்கிறது. அடிப்பகுதிப் பிளவில் சரளைக்கல் சிக்கித் தகட்டையே உரசியிருக்கிறது.

கயிற்றைக் கடைசித் துளை வரை இறுக்கிக் கட்டினேன், காலடிகளைக் குறுக்கினேன், இரண்டு வாரம் ஓய்வெடுத்தேன், பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி ஒற்றைக்கால் பயிற்சிகளும் செய்கிறேன். பழைய தட்டையான ஷூவில் கணுக்கால் பிசகவில்லை, ஆனால் 15 கி.மீ. தாண்டினால் முழங்கால் வலிக்கிறது.

பாதி தார், பாதி தோட்டப் பாதை என 25 கி.மீ. ஓடும் மலைவாசிகளே, இறக்கத்தில் கணுக்கால் நிலைக்க, எவ்வளவு குதிகால் உயரமும் அடிப்பகுதி அகலமும் உள்ள ஷூ உங்களுக்குப் பொருந்தியது?